ஒளிநாடாவின் விலை: வன்னியை முன்னிறுத்தி ஒரு கண்டனம்

ஒரு பொருளின் விலை கடைக்காரனின் பற்றுச்சீட்டோடு முடிந்துவிடுவதில்லை. அப்பொருளை இயக்குவதற்கு வேண்டிய மின்சாரம், அதற்குரிய துணைப் பொருட்கள், பழுதுபார்க்கும் செலவு, ஆக்கியோன் அதனைக் கைவிடும்போது வாங்கியோனுக்கு நேரும் நட்டம் என்பனவெல்லாம் விலையின் கூறுகளே. பொருளியல் பயிலும் முதலாண்டு மாணவனும் இவ்வுண்மையை அறிவான். ஆயின், நமது சமூகத்தில் வீடியோ என்னும் சாதனத்தின் வருகையைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

வீடியோவைப் பற்றி நம்மிடையே இருவகைக் கதைகள் வழங்கிவருகின்றன. முதலாவது, ஒழுக்கவாதிகளின் கதை. வீடியோ வந்தது, பண்பாடு சீரழிந்தது, உழைப்பாளி தன் வியர்வைப் பணத்தைத் திரைப்பட மோகத்திற் கரைத்தான் என்பது அவர்கள் கூற்று. இரண்டாவது, ஏக்கக்காரரின் கதை. ஊரே ஒரு முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து விடியவிடியப் படம் பார்த்த அந்தக் காலம் ஒரு பொற்காலம் என்று அவர்கள் உருகுவர். இவ்விரு கதைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், ஒரு விடயத்தில் அவை ஒன்றுபடுகின்றன. இரண்டும் கணக்குக் கேட்பதில்லை. எவர் எதனை விற்றார், எவர் எவ்வளவு கொடுத்தார், அக்கொடுக்கல் வாங்கலின் விதிகளை எவர் வகுத்தார் என்ற வினாக்களை இரண்டும் தவிர்த்துவிடுகின்றன. அக்கணக்கைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் பிறந்த கதை

வீடியோப் பதிவுக் கருவி முதலில் வீட்டுக்கென ஆக்கப்பட்டதன்று. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் அம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த கருவி, ஒலிபரப்பு நிலையங்கள் மாத்திரமே வாங்கக்கூடிய பெருவிலையையும் பேருருவையும் உடையதாயிருந்தது. அதனை வரவேற்பறைக்குள் அடக்கும் முயற்சி 1970களில் தீவிரமடைந்தது. 1972இல் ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனம் என் 1500 என்னும் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் காட்ரிவிஷன் என்ற பெயரில் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. இதன் கதை நம் கவனத்துக்குரியது. அதற்கென வாடகைக்கு விடப்பட்ட படநாடாக்களை நுகர்வோன் தன் வீட்டில் ஒருமுறை பார்க்கலாம். பின்னோக்கிச் சுற்ற முடியாது. சுற்றும் பொறி கடையில் மாத்திரமே இருந்தது. பணங் கொடுத்துக் கருவியை வாங்கியவன் தன் கருவிக்கே முழு உரிமையாளனாக இருக்கவில்லை. ஓராண்டு அளவிலேயே அம்முயற்சி படுத்துவிட்டது. வாங்கியோர் கையில் நாடாவற்ற பெட்டி எஞ்சியது.

1975இல் சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையையும் யப்பானிற் சந்தைக்குக் கொணர்ந்தன. இரண்டும் அரை அங்குல அகல நாடாவையே பயன்படுத்தின. எனினும் ஒன்றின் நாடா மற்றதனுட் செல்லாது. இது பொறியியலின் தவிர்க்கவியலாத விதியன்று. வணிகப் போட்டியின் விளைவு. அப்போட்டி பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. 1979இல் பிலிப்ஸ் நிறுவனம் வீடியோ 2000 என்னும் மூன்றாவது முறையையும் இறக்கி, பத்தாண்டு நிறையுமுன்னரே அதனைக் கைவிட்டது. 1988இல் சோனி நிறுவனமே வி.எச்.எஸ். கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது போட்டியின் முடிவு உலகுக்குப் புலனாயிற்று. தோற்ற நிறுவனம் வென்ற முறைக்கு மாறிக்கொண்டது. தோற்ற முறையின் நாடாக்களை அலமாரி நிறைய அடுக்கிவைத்திருந்த நுகர்வோன் எதற்கு மாறுவான்? அவனுக்கு எவரும் இழப்பீடு வழங்கவில்லை.

1977இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட வி.எச்.எஸ். கருவியின் விலை 1,000 டொலர். அதே ஆண்டு லொஸ் ஏஞ்சல்சில் தொடங்கிய முதற் படநாடா வாடகைக் கடையில் ஆண்டுச் சந்தா 50 டொலர். ஒரு நாடாவின் ஒருநாள் வாடகை 10 டொலர். செல்வம் மிகுந்த நாட்டு மக்களுக்கே இவை கனமான தொகைகள். நம் நாட்டின் அளவுகோலில் வைத்து இதனை நோக்குவோம். 1977 நவம்பரில் ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாய் என்று நிருணயிக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கையரின் தலா வருமானம் ஆண்டுக்கு 200 டொலர் அளவிலேயே இருந்தது. அஃதாவது, கப்பற் கூலியும் தீர்வையும் சேராமலே, அக்கருவியின் விலை ஓர் இலங்கையரின் ஐந்தாண்டு வருமானத்துக்கு ஈடானது.

மிளகாய்ச் செய்கையும் வீடியோவும்

இத்தகைய பொருள் இந்நாட்டுக்குள் எவ்வழியால் வந்தது? இவ்வினாவுக்கான விடையில் வன்னியின் வரலாறு அடங்கியுள்ளது.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசு, மிளகாய், வெங்காயம் முதலிய உபஉணவுப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் பயனை யாழ்ப்பாணத்து விவசாயி மாத்திரமன்றிக் கிளிநொச்சி, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறிய விவசாயியும் அனுபவித்தான். படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களிற் காணி பெற்ற இளைஞர் பலர் அரசாங்க உத்தியோகத்தை எதிர்பார்த்திராது மண்ணை நம்பி நிமிர்ந்த காலம் அது. அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவது நமது எண்ணமன்று. பாணுக்கு வரிசையில் நின்ற மக்களின் துயரையும், துணிக்கும் மருந்துக்கும் நிலவிய தட்டுப்பாட்டையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும், செத்தல் மிளகாய் மூடை ஒன்று வன்னி விவசாயிக்குக் கௌரவமான வருவாயைத் தந்தது என்பதையும் எவரும் மறுக்கவியலாது.

1977இல் ஆட்சியேறிய ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் அரசு திறந்த பொருளாதாரக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. துறைமுகத்தின் கதவு திறக்கப்பட்டபோது அதனூடாக இரண்டு பொருட்கள் உள்ளே வந்தன. ஒன்று, உள்ளூர் விலையை வீழ்த்திய வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும். மற்றது, தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ, ஒலிப்பதிவுக் கருவி முதலிய இலத்திரனியற் பண்டங்கள். முன்னது விவசாயியின் வருமானத்தைக் குறைத்தது. பின்னது அவனுடைய தேவைகளைப் பெருக்கியது. ஒரே கொள்கையின் இரு கைகள் இவை. விவசாயி வீடியோவிற் பணத்தை வீணடித்தான் என்று உபதேசிக்கும் ஒழுக்கவாதி, அவனுடைய பணத்தை முதலில் எந்தக் கை பறித்தது என்று கேட்பதில்லை.

இக்கருவியை ஆக்கிய உலகம் தன்னை எவ்வாறு நடத்திக்கொண்டது என்பதையும் இங்கு ஒப்புநோக்குதல் தகும். 1982 ஒக்ரோபரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டுக்கு வரும் யப்பானிய வீடியோக் கருவிகள் யாவும் புவாற்றியே என்னும் உள்நாட்டு நகரிலிருந்த ஒரு சிறிய சுங்கச் சாவடியின் வழியாகவே வரவேண்டுமென்று கட்டளையிட்டது. விரல்விட்டெண்ணத்தக்க அதிகாரிகளே அங்கு கடமையிலிருந்தனர். பெட்டிகள் குவிந்தன, இறக்குமதி நத்தை வேகமாயிற்று. மறுவருடம் ஐரோப்பியச் சமூகத்துக்கும் யப்பானுக்குமிடையே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவ்வுத்தி தளர்ந்தது. அச்செயலால் பிரெஞ்சு நுகர்வோன் கூடிய விலை கொடுத்தான் என்பது உண்மையே. எனினும், பிரெஞ்சு அரசு தன் உற்பத்தியாளனைக் காக்கவாவது முனைந்தது. இலங்கை அரசோ வன்னியின் உற்பத்தியாளனையும் காக்கவில்லை, வன்னியின் நுகர்வோனையும் காக்கவில்லை. சுதந்திர வர்த்தகத்தை நமக்குப் போதித்த நாடுகள் தம் வீட்டில் அதனை எந்த அளவுக்குப் பின்பற்றின என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

வன்னியில் 'டெக்'

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் கொழும்பிலும் அதன் சுற்றாடலிலும் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் யப்பானிய அரசின் நன்கொடையோடு ரூபவாஹினி நாடளாவிய சேவையை ஆரம்பித்தது. நிலையத்தை நன்கொடையாக வழங்கிய நாடே பெட்டிகளை விற்கும் நாடாகவும் இருந்தது என்பதை நாம் கவனிக்கத் தவறலாகாது. அச்சேவையிலே தமிழுக்குக் கிடைத்த நேரமோ சொற்பம். ஆகவே, தமிழ் பேசும் நுகர்வோனைப் பொறுத்தவரை தொலைக்காட்சிப் பெட்டி ஒரு முற்றுப்பெறாத பொருள். தன் மொழியில் எதையேனும் அதிற் காண வேண்டுமாயின் அவன் இரண்டாவது பெட்டி ஒன்றையும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது பெட்டியே மக்கள் வழக்கில் 'டெக்' எனப் பெயர்பெற்றது. அரசின் மொழிப் பாரபட்சம் தமிழ் நுகர்வோனின் வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு தனி வரியாக எழுதப்பட்டது என்று கூறின் அது மிகையாகாது.

வன்னிக் கிராமத்தவர் பெரும்பாலும் 'டெக்' வாங்கவில்லை; வாடகைக்கு எடுத்தனர். கோயில் திருவிழா, கலியாணம், சாமத்தியச் சடங்கு ஆகியவற்றை ஒட்டியோ, அறுவடை முடிந்து கையிற் காசு புழங்கிய நாட்களிலோ, நாலு பேர் சேர்ந்து பணந் திரட்டிப் பெட்டியையும் 'டெக்'கையும் மின்பிறப்பாக்கியையும் ஓர் இரவுக்கு எடுத்தனர். ஓர் இரவில் மூன்று படம் ஓடும். ஒழுக்கவாதி இதனை மோகம் என்கிறான். ஏக்கக்காரன் இதனை ஒற்றுமை என்கிறான். நாம் இதனை விவேகம் என்கிறோம். ஐந்தாண்டு வருமானத்தை விழுங்கக்கூடிய, எந்நேரமும் வழக்கொழியக்கூடிய, மின்சாரமற்ற ஊரில் பெரும்பகுதி நேரம் உறங்கிக்கிடக்கக்கூடிய ஒரு பொருளை ஒருவன் தனியே வாங்குவது பேதைமை. ஊராகச் சேர்ந்து வாடகைக்கு எடுப்பதே கணக்கறிந்தவன் செயல். பல்தேசியக் கம்பனிகளின் விளம்பரம் தனிக் குடும்பத்தின் வரவேற்பறையை நோக்கிப் பேசியது. வன்னியான் அதற்குச் செவிசாய்க்காது முற்றத்தைத் தேர்ந்தான்.

எனினும், அந்த விவேகத்துக்கும் ஒரு விலை இருந்தது. 'டெக்' உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 40 உவாற்று. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏறத்தாழ 100 உவாற்று. இரண்டுக்குஞ் சேர்த்து ஒன்றிரண்டு மின்குமிழ்களின் அளவே தேவை. மின்கம்பி உள்ள ஊரில் இது ஒரு பொருட்டன்று. கம்பி இல்லாத ஊரில் இந்தச் சிறு தேவைக்காக ஒரு சிறிய மின்பிறப்பாக்கியை இரவு முழுவதும் ஓட்ட வேண்டும். அப்பொறி தன் ஆற்றலில் ஐந்திலொரு பங்கையும் பயன்படுத்தாத வேளையிலும் மணிக்கு அரை லீற்றர் அளவில் எரிபொருளைக் குடிக்கும். மூன்று படத்துக்கு எட்டு மணித்தியாலம் எனக் கொண்டால் ஏறத்தாழ நான்கு லீற்றர். நகரத்து நுகர்வோன் சதங்களிற் செலுத்தியதை வன்னிக் கிராமத்தான் லீற்றர்களிற் செலுத்தினான். மின்சாரத்தை ஊர்களுக்குக் கொண்டுசெல்லாமல் மின்சாதனங்களை மாத்திரம் நாட்டுக்குள் கொண்டுவந்த கொள்கை, வறியவனிடமிருந்தே கூடிய விலையை அறவிட்டது.

இதனோடு தூசியையும் ஈரலிப்பையுஞ் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். இக்கருவியின் உள்ளே நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் உருளையிற் பொருத்தப்பட்ட நுண்ணிய 'ஹெட்' நாடாவை வருடிச் செல்கிறது. செம்மண் புழுதி படிந்தால் படம் மங்கும். மாரிகால ஈரலிப்பில் நாடாவிற் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் படர்ந்த நாடா அடுத்த 'ஹெட்'டையும் கெடுக்கும். அத்துடன், பிரதியிலிருந்து பிரதியெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் தெளிவு குறையும். கொழும்புக்கு வந்த நாடாவின் பிரதியின் பிரதி மாங்குளத்துக்கோ மல்லாவிக்கோ வந்து சேரும்போது நடிகனின் முகம் நிழலாட்டமாகவே இருக்கும். கொடுத்த வாடகை குறையவில்லை. கிடைத்த படமே குறைந்தது.

கடல் கடந்த நாடா

1983இன் பின்னர் வடக்கிலிருந்து பெருந்தொகையானோர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். அதற்கு முன்னரே பலர் மத்திய கிழக்குக்குச் சென்றிருந்தனர். இவர்களாலே 'டெக்' வன்னிக்கு வந்தது. இவர்களுக்காகவே வன்னியின் வாழ்வும் சாவும் நாடாவிற் பதியப்பட்டன. தங்கையின் கலியாணத்துக்கு வரமுடியாத அண்ணனுக்கு நாடா சென்றது. தாயின் செத்தவீட்டுக்கு வரமுடியாத மகனுக்கும் நாடா சென்றது. இதனை ஆடம்பரம் என்று எள்ளுவோர் உளர். நாடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அகதி அந்தஸ்துக் கோரியிருக்கும் ஒருவன், தன்னைப் பெற்றவளின் முகத்தை இறுதியாகக் காண வேறு என்ன வழி இருந்தது என்று அவர்கள் கூறட்டும்.

அந்த நாடா போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு விலை காத்திருந்தது. இலங்கை, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகியன 'பால்' என்னும் வண்ண முறையைக் கைக்கொண்டன. பிரான்ஸ் 'செக்காம்' முறையையும், கனடாவும் அமெரிக்காவும் 'என்.ரி.எஸ்.சி.' முறையையும் கைக்கொண்டன. கிளிநொச்சியிற் பதிந்த நாடா ரொறன்ரோவின் சாதாரணக் கருவியில் ஓடாது. ரொறன்ரோவிற் பதிந்தது கிளிநொச்சியில் ஓடாது. கனடாவின் மின்னழுத்தம் 120 உவோல்ற்று. நமது மின்னழுத்தம் 230. ஆசையோடு அங்கிருந்து அனுப்பிய பெட்டியை மாற்றியின்றிச் செருகினால் அது எரிந்துபோகும். ஆகவே பல்முறைக் கருவி என்ற பெயரில் விலை கூடிய கருவியை வாங்க வேண்டும். அன்றேல் நாடாவை வேறு முறைக்கு மாற்றித் தரும் கடைக்குப் பணம் கொடுக்க வேண்டும். இவ்வேலிகள் நாடுகளின் தொழிற் கொள்கைகளும் கௌரவப் போட்டிகளும் 1950களிலும் 1960களிலும் எழுப்பியவை. ஒரே நாட்டில் வாழும் குடும்பம் இவ்வேலிகளை உணராது. நான்கு நாடுகளிற் சிதறிய குடும்பமே அவற்றில் முட்டிக்கொள்ளும். சிதறடிக்கப்பட்டவர்களிடமிருந்தே சந்தை அதிக கட்டணம் வாங்கியது.

முற்றுகையின் கணக்கு

1990இன் பின்னர் வன்னி தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு வாழ்ந்தது. அரசின் பொருளாதாரத் தடையால் பெற்றோல், மின்கலம் முதலியன மக்களுக்கு எட்டாப் பொருட்களாயின. துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், பெற்றோற் பொறிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியதும் அக்காலத்து மக்களின் தொழில்நுட்பம். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வன்னிக்குள் வந்தபோது, உள்ளவற்றைப் பங்கிட வேண்டிய தொகை மேலும் பெருகியது. அந்நிலையிலும் 'டெக்' ஓடியது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு தயாரித்த ஒளிநாடாக்கள் ஓடின, திரைப்படங்களும் ஓடின. எது ஓடலாம் என்பதை மக்கள் தாமே தீர்மானிக்கும் நிலை எப்போதும் இருக்கவில்லை என்பதையும் ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும்.

இங்கு ஒழுக்கவாதி மீண்டும் எழுந்து, வயலுக்கு நீரிறைக்க வேண்டிய மண்ணெண்ணெயைப் படம் பார்க்க எரித்தனரே என்பான். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நீரா, வெளிச்சமா, மூன்று மணிநேர மறதியா என்று தெரிவுசெய்யும் நிலைக்கு ஒரு விவசாயியைத் தள்ளியவர் எவரோ, குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்தப்பட வேண்டியவர் அவரே. விமானம் குண்டுவீசும் நாட்டில் வாழ்ந்த மக்கள் ஓர் இரவு சிரிக்க விரும்பியதைக் குற்றமென எழுத நமது பேனாவுக்கு உரிமை இல்லை.

ஒரு மறுப்புக்கு மறுமொழி

'எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை, விருப்பமுள்ளவன் வாங்கினான், இதில் அநியாயம் எங்கே?' என்று சிலர் வினவக்கூடும். சந்தையின் வழக்கறிஞர் எக்காலத்திலும் எழுப்பும் வினா இது. நுகர்வோனின் விருப்பம் மெய்யானதே. அதனை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் விருப்பம் சுதந்திரமாக இருந்தது என்பதும் விதிகள் நீதியாக இருந்தன என்பதும் வெவ்வேறு கூற்றுகள். இரு முறைகளில் எது நிலைக்கும் என்பதை வாங்குவோன் அறியமுடியாது. அதனைத் தீர்மானித்தவர் விற்றவர். நாடா எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைப் பெட்டியின் மேல் எவரும் அச்சிடவில்லை. வீட்டிற் பதிவுசெய்யும் நுகர்வோனுக்குத் துணைபோகும் கருவி பதிப்புரிமையை மீறுகிறது என்று ஹொலிவூட் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்க்கும் எளிய உரிமையே ஒரே ஒரு நீதிபதியின் வாக்கில் தொங்கியது. அதே நிறுவனங்கள் பின்னர் வீட்டு வீடியோச் சந்தையிலே பெருஞ்செல்வம் ஈட்டின. நுகர்வோனைக் கள்வன் என்றவர்களே அவனுடைய மிகப்பெரும் கடன்காரராயினர். இத்தகைய ஆட்டத்தில் 'விருப்பமுள்ளவன் வாங்கினான்' என்பது பாதி உண்மை. பாதி உண்மையைக் கொண்டு முழுக் கணக்கை மூடமுடியாது.

இவ்வாதம் பழங்கதை அன்று. 2009இன் பின்னர் வன்னிக்கு மின்சாரமும் வந்தது. தவணைமுறை விற்பனையும், குத்தகை நிறுவனங்களும், நுண்கடன் கம்பனிகளும் கூடவே வந்தன. எரிந்த வீட்டுக்குக் கூரை போடுமுன்னரே கடன் பத்திரம் வாசலுக்கு வந்தது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியதாயிற்று. அப்போதும் 'ஆடம்பரத்துக்குக் கடன்பட்டனர்' என்ற பழைய உபதேசம் கேட்டது. பொருள் மாறியது, பழிசுமத்தும் முறை மாறவில்லை.

இறுதித் தவணை

வீடியோவின் விலையில் இறுதித் தவணை இன்னமும் செலுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. சோனி நிறுவனம் பீற்றாமக்ஸ் கருவிகளின் உற்பத்தியை 2002இலும், அதன் நாடாக்களின் விற்பனையை 2016இலும் நிறுத்தியது. 2016 ஜூலையில் யப்பானின் புனாய் நிறுவனம் வி.எச்.எஸ். கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியதோடு அத்தொழில் உலகில் முற்றுப்பெற்றது. காந்தநாடா கல்வெட்டன்று. நல்ல பராமரிப்பிலும் அதன் ஆயுள் சில பத்தாண்டுகளே. நமது காலநிலையில் அதனினும் குறைவு. 1980களிலும் 1990களிலும் பதியப்பட்ட நாடாக்கள் இன்று, நாம் இதனைப் படிக்கும் வேளையிலும், அழிந்துகொண்டிருக்கின்றன.

எந்த நாடாக்கள்? கிளிநொச்சியிலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் வாழ்ந்த மக்களின் கலியாணங்கள், சாமத்தியச் சடங்குகள், கோயில் திருவிழாக்கள், கூத்துக்கள், செத்தவீடுகள். 2008 முதல் 2009 மே வரை அம்மக்கள் ஊர்விட்டு ஊராக முள்ளிவாய்க்கால் வரை விரட்டப்பட்டபோது பெட்டி, படுக்கை, படத்தொகுப்பு, நாடா அனைத்தையும் வழியிலே விட்டனர். ஆனால் அந்நாடாக்களின் பிரதிகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் உறவினரின் நிலவறைகளிலும் அலமாரிகளிலும் இன்றுமுள்ளன. அண்ணனுக்கு அனுப்பிய நாடாவிலே, பின்னர் இறந்துபோன தங்கையின் முகம் இருக்கிறது. காணாமலாக்கப்பட்ட மகனின் புகைப்படத்தை ஏந்தி வீதியில் அமர்ந்திருக்கும் தாய்க்கு, அவன் நடப்பதையும் சிரிப்பதையும் காட்டக்கூடிய ஒரே சான்று அங்கே ஒரு பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அண்ணனைக் கருதி 'ஆடம்பரமாக'ச் செய்த செலவே இன்று ஒரு மக்கட் கூட்டத்தின் ஆவணமாகியிருக்கிறது.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களுக்காக நாம் ஆண்டுதோறும் துக்கம் அனுட்டிக்கின்றோம். அது தகும். ஆயின், எவரும் தீ வைக்காமல், நமது அலட்சியத்தால் மாத்திரம் அழிந்துகொண்டிருக்கும் இந்தச் சுவடிக்கூடத்துக்காக நமது பல்கலைக்கழகங்கள் செய்தது போதுமா? ஏட்டுச்சுவடியைத் தேடியலையும் தமிழ்த்துறைக்கு ஒளிநாடா இழிந்த பொருளாகத் தோன்றுகிறது. அஃது அறிவின் அடையாளமன்று. சாதியாசாரம் அறிவுத்துறைக்குள் புகுந்ததன் அடையாளம். நாட்டுப்பாடலும் ஒருகாலத்தில் இவ்வாறே ஒதுக்கப்பட்டது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, வவுனியாப் பல்கலைக்கழகமோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களோ, பழைய பல்முறைக் கருவிகள் சிலவற்றைத் தேடிப் பெற்று, பழுதுபார்த்து, நாடாக்களை எண்ணிமப் பதிவுகளாக மாற்றும் ஒரு சிறு நிலையத்தை நிறுவ வேண்டும். பழைய கருவிகளைத் திருத்தத் தெரிந்த கைகள் இன்னமும் நம் நகரங்களில் உள்ளன. அவை முதுமையடையுமுன் அவர்களை ஆசிரியராக அழைத்து மாணவருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். இரண்டாவது, புலம்பெயர்ந்தோரின் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை நாடாக்களைத் திரட்டி மாற்றுவதற்கு ஒதுக்க வேண்டும். மூன்றாவது, அவ்வாறு திரட்டப்படும் பதிவுகள் குடும்பத்தாரின் சம்மதமின்றி எவருக்குங் காட்டப்படலாகாது. ஒருமுறை சந்தைக்கு விலை கொடுத்தவர்கள் மறுமுறை ஆய்வுக்கும் அரசியலுக்கும் மூலப்பொருளாக்கப்படுதல் கூடாது. நான்காவது, பொருளியல், சமூகவியல் மாணவர் 'டெக்' வாடகைக்கு விட்டோரையும் எடுத்தோரையும் சந்தித்து, வாடகை எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, எவ்வாறு பணம் திரட்டினர் என்ற விபரங்களை அவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவுசெய்தல் வேண்டும். நமது பொருளாதார வரலாறு மத்திய வங்கியின் அறிக்கைகளில் மாத்திரம் இல்லை.

ஒழுக்கவாதிகள் இம்மக்களைப் பழித்தது போதும். ஏக்கக்காரர் உருகியதும் போதும். கருவியை விற்றவர் தம் இலாபத்தை எடுத்துக்கொண்டு வேறு பொருளுக்குச் சென்றுவிட்டனர். கொள்கை வகுத்தவர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டனர். விலை முழுவதையும் செலுத்தியவர்களுக்கு, அவர்கள் வாங்கிய பொருளில் எஞ்சியிருப்பதையாவது மீட்டுக் கொடுப்பது கற்றோர் கடன். நாடாக்களின் ஆயுள் முடிவதற்குள் அக்கடனை நாம் தீர்த்தாக வேண்டும்.